கல்லீரலுக்கு எது நல்லது: ஒட்டகப் பாலா, பாக்கெட் பாலா, கடுங்காப்பியா, கீழாநெல்லியா?

"அப்பாவுக்கு ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்திருக்கிறது. அண்ணன் துபாயிலிருந்து ஒட்டகப் பால் பவுடர் அனுப்புகிறேன் என்கிறார். பக்கத்து வீட்டு அம்மா கீழாநெல்லி கொடுக்கச் சொல்கிறார். டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னதோடு சரி. எதைக் கொடுப்பது?" இப்படி ஒரு கேள்வி ஏதாவதொரு வடிவில் வந்துகொண்டே இருக்கிறது. ஆன்லைனில் ஒட்டகப் பால் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு இன்னும் அதிகம். கேட்பவர்கள் எல்லோருமே வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்ற பதற்றத்தில் கேட்கிறார்கள். அதனால் "எல்லாம் நல்லதுதான், அளவோடு சாப்பிடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட மனம் வரவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கல்லீரல் பிரச்சினை என்பது ஒரே நோயின் பெயர் இல்லை. கொழுப்பு படிந்த கல்லீரல் ஒன்று. ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ் தொற்று வேறு. திடீரென்று வரும் மஞ்சள் காமாலை இன்னொன்று. கல்லீரல் சுருங்கித் தழும்பாகிப்போன சிரோசிஸ் முற்றிலும் வேறு கதை. ஒன்றுக்குச் சரியாக இருப்பது மற்றொன்றில் காலத்தை வீணடிக்கும், சில சமயம் ஆளையே ஆபத்தில் தள்ளும். கையிலிருக்கும் ரிப்போர்ட் இவற்றில் எதைச் சொல்கிறது என்று தெரியாமல் எந்தப் பாலையும் வாங்க வேண்டாம்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். மனிதர்களிடம் சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்களா, அல்லது எலியோடும் சோதனைக்குழாயோடும் நின்றுவிட்டதா? பாதுகாப்பானதா? அன்றாடச் சாப்பாட்டில் எதற்குப் பதிலாக வருகிறது, அல்லது எல்லாவற்றுக்கும் மேல் கூடுதலாகச் சேர்கிறதா? பலன் தரும் என்று சொல்லப்படும் அளவில் சாப்பிட்டால் மாதம் எவ்வளவு ஆகும்? கடைசியாக, இதை நம்பிக்கொண்டிருப்பதால் செய்ய வேண்டிய வைத்தியம் தள்ளிப்போகிறதா? இந்த ஐந்தாவதுதான் கண்ணுக்குத் தெரியாத செலவு. மற்ற நான்கையும் விட அதற்கே நான் அதிக எடை கொடுக்கிறேன்.

## ஒட்டகப் பால்

இது நல்ல பால். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ராஜஸ்தானின் ராய்க்கா மக்களும் கட்ச் பகுதியின் ரபாரி மேய்ப்பர்களும் தலைமுறை தலைமுறையாகக் குடித்து வாழ்ந்த பால். லேசான உப்புச்சுவை இருக்கும். தயிருக்கு உறை ஊற்றினால் நம் வீட்டுத் தயிர்போல் கெட்டியாக விழாது, நீர்த்தாற்போல் இருக்கும். பசும்பாலைவிட வைட்டமின் சி பல மடங்கு அதிகம். பசும்பாலில் பலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும் பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற புரதம் இதில் கிடையாது. லாக்டோஃபெரின் என்ற, கிருமிகளை எதிர்க்கும் புரதம் இருக்கிறது. கல்லீரல் பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் இந்த லாக்டோஃபெரினைச் சுற்றித்தான் ஓடுகிறது.

அந்தப் பேச்சுக்கு அடிப்படை என்ன? எலிகளுக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு, மது, அளவுக்கு மீறிய பாராசிட்டமால் என்று எதையாவது கொடுத்துக் கல்லீரலைக் கெடுப்பார்கள். ஒரு பிரிவுக்கு ஒட்டகப் பாலும் சேர்த்துக் கொடுப்பார்கள். பால் குடித்த எலிகளின் கல்லீரல் குறைவாகக் கெட்டிருக்கும், எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி (கல்லீரல் செல்கள் கெடும்போது ரத்தத்தில் ஏறும் நொதிகள்) அளவுகள் குறைவாக இருக்கும். சவுதியிலும் எகிப்திலும் இப்படிப்பட்ட ஆய்வுகள் நிறைய நடந்திருக்கின்றன. கொழுப்பு தின்ன வைத்துக் கல்லீரலில் கொழுப்பேற்றிய எலிகளிலும் இதேபோன்ற முடிவு வந்திருக்கிறது. ஒட்டகப் பாலின் லாக்டோஃபெரின் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கிறது என்று எகிப்திய ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள்.

இவை பொய்யில்லை. ஆனால் ஒரு மாதத்துக்குள் விஷம் வைத்துக் கெடுத்த எலியின் கல்லீரலும், பதினைந்து வருடம் உட்கார்ந்த வேலையிலும் மூன்று வேளைச் சோற்றிலும் கொழுப்பு சேர்ந்த ஐம்பது வயதுக்காரரின் கல்லீரலும் ஒன்றில்லை. ஆய்வகத்தில் லாக்டோஃபெரினைச் செல்லின் மேல் நேராக ஊற்றுகிறார்கள். நாம் குடிக்கும் பாலில் உள்ளது வயிற்று அமிலத்தைத் தாண்ட வேண்டும், அங்கேயே பெரும்பகுதி செரித்துப் புரதத் துண்டுகளாகிவிடும். மனிதர்களிடம் நடந்த கல்லீரல் ஆய்வுகள் மிகச் சிறியவை. அவற்றை வைத்து யாருக்கும் மருந்தாக எழுதிக்கொடுக்க முடியாது.

மனிதர்களிடம் ஓரளவு உருப்படியான சோதனை நடந்தது சர்க்கரை நோயில். ராஜஸ்தானின் பிகானேரில் டைப் 1 சர்க்கரை நோயாளிகள் 24 பேரை வைத்து இரண்டு ஆண்டுகள் நடத்திய சோதனையின் முடிவு 2011-ல் வெளியானது. தினம் அரை லிட்டர் ஒட்டகப் பால் குடித்தவர்களுக்கு இன்சுலின் தேவை குறைந்தது. ஆர்வமூட்டும் முடிவுதான், ஆனால் ஆட்கள் குறைவு, நோயும் வேறு. ஃபேட்டி லிவரோடு சர்க்கரையும் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையையோ ஊசியையோ தாங்களாகக் குறைத்துவிடக் கூடாது.

### பச்சையாகக் குடிப்பது

"காய்ச்சினால் சத்து போய்விடும், கறந்த சூட்டோடு குடிக்க வேண்டும்" என்று விற்பவர்கள் சிலர் சொல்கிறார்கள். இங்கே ஒரு நிஜமான முடிச்சு இருக்கிறது. லாக்டோஃபெரின் சூடு தாங்காத புரதம். நன்றாகக் கொதிக்க வைத்தால் அதன் இயல்பு பெரும்பாலும் போய்விடும். எந்தப் பொருளுக்காக இந்தப் பாலை வாங்குகிறோமோ அது அடுப்பிலேயே அழிகிறது. அடுப்பில் வைக்காவிட்டாலோ புரூசெல்லா கிருமி வரலாம். வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, இடுப்புவலி என்று படுத்தும் நோய் அது. அந்தக் கிருமி கல்லீரலிலும் போய் உட்கார்ந்து வீக்கம் உண்டாக்கும். கல்லீரலைக் காப்பாற்றக் குடித்த பாலே எஸ்ஜிபிடியை ஏற்றிவிடும்.

வளைகுடா நாடுகளில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 2012-ல் சவுதியில் முதலில் கண்டறியப்பட்ட, கடுமையான மூச்சுத்தொற்றைத் தரும் மெர்ஸ் வைரஸ் ஒட்டகத்திலிருந்து மனிதருக்கு வருவது. பச்சை ஒட்டகப் பாலையும், அங்கே சிலர் மருந்தாகக் குடிக்கும் ஒட்டக மூத்திரத்தையும் தவிர்க்கும்படி உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சிரோசிஸ் உள்ளவர்களுக்கு நோய் எதிர்ப்பு ஏற்கெனவே தளர்ந்திருக்கும். அவர்கள் வீட்டில் பச்சைப் பால் என்ற பேச்சே எழக் கூடாது. பாஸ்டரைஸ் செய்தது, அல்லது நீங்களே காய்ச்சியது, இரண்டு மட்டும்தான்.

### ஒரு ஸ்பூன் கணக்கு

பவுடர் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் ஒட்டகப் பாலை வற்றவைத்தால் ஏறக்குறைய 110 முதல் 120 கிராம் பவுடர்தான் கிடைக்கும். பிகானேர் சோதனையில் போல அரை லிட்டர் குடிக்க வேண்டுமானால் தினம் 55 முதல் 60 கிராம் கலக்க வேண்டும். மாதத்துக்கு ஏறக்குறைய 1.7 கிலோ. கல்ஃபிலிருந்து வரும் 200 கிராம் டப்பா நான்கு நாள்கூட வராது. பெரும்பாலான வீடுகளில் நடப்பதோ, காலையில் வெந்நீரில் ஒரு ஸ்பூன். அது ஐம்பது, அறுபது மில்லி பாலுக்குச் சமம். ஆய்வு சொன்ன அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! டப்பாவின் விலையை எடுத்துக்கொண்டு, இந்தக் கணக்கில் ஒரு லிட்டருக்கு எவ்வளவு விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள். அமுல் 2019-ல் குஜராத்தில் ஒட்டகப் பாலைக் கொண்டுவந்தபோது அரை லிட்டர் பாட்டில் 50 ரூபாய். நம் ஊருக்குப் பவுடராக வந்து சேரும்போது அதே அரை லிட்டர் அதைப்போல் பல மடங்கு ஆகிவிடுகிறது.

அரை லிட்டர் முழுதாகக் குடிப்பவர்களுக்கு வேறு கணக்கு: அதில் சுமார் 300 கலோரி. ஏற்கெனவே குடிக்கும் காபி, டீ, தயிர், மோர் எல்லாம் அப்படியே இருக்க, அதன்மேல் இதையும் குடித்தால் எடை ஏறத்தான் செய்யும். ஃபேட்டி லிவருக்கு எடை ஏறுவதைவிடக் கெடுதல் வேறில்லை. ஏலக்காய், குங்குமப்பூ, சாக்லேட் சுவையில் வரும் பவுடர்களில் சர்க்கரையும் சேர்ந்திருக்கும். டப்பாவின் பின்பக்கம் பொருள்பட்டியலில் ஒட்டகப் பால் பவுடர் என்ற ஒன்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பசும்பால் பவுடர் கலந்ததும் ஒட்டகப் படம் போட்டு வருகிறது.

ஒட்டகப் பால் எங்கே மேலானது? பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாத பெரியவர்களுக்கும், ஒரு வயது தாண்டிய குழந்தைகளுக்கும், குழந்தை மருத்துவர் சம்மதித்தால் இது நல்ல மாற்று. ஆனால் பிறந்த குழந்தைக்குக் காமாலை தெளியவில்லை, கேலக்டோசீமியா (பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடம்பால் கையாள முடியாத பிறவிக் கோளாறு) என்று சந்தேகிக்கிறார்கள் என்றால் ஒட்டகப் பாலும் கூடாது. அந்த நோயில் கல்லீரலைக் கெடுப்பது லாக்டோஸ், அது எல்லா விலங்குப் பாலிலும் இருக்கிறது.

இன்னொரு காரணத்துக்காகவும் சிலர் வாங்குகிறார்கள், அதை நான் மதிக்கிறேன். 2012 கணக்கெடுப்பில் நான்கு லட்சமாக இருந்த இந்திய ஒட்டகங்கள் 2019-ல் இரண்டரை லட்சமாகக் குறைந்துவிட்டன. வண்டி இழுக்கவும் உழவும் ஒட்டகம் தேவைப்படாத காலத்தில், பால் விற்றால்தான் மேய்ப்பவர் அதை வைத்திருக்க முடியும். அந்த எண்ணத்தோடு வாங்குங்கள். கல்லீரல் மருந்து என்ற எண்ணத்தோடு வேண்டாம்.

## பாக்கெட் பால்

இதைப்பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு மாறினாலே அரை லிட்டருக்கு 15 கிராம் கொழுப்பு குறைகிறது. கொழுப்பிலும் கலோரியிலும் நீல பாக்கெட் ஒட்டகப் பாலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, விலை அதில் ஒரு துண்டு. கல்லீரலுக்கு இதில் தனி மருந்துக் குணம் எதுவும் கிடையாது. பாலைப் பாலாக மட்டும் பார்த்தால் ஃபேட்டி லிவர்காரருக்கு இது போதும். காமாலை வந்தால் பாலே கூடாது என்று நிறுத்திவிடும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. குமட்டல் இல்லாதவரை அதற்குத் தேவையே இல்லை.

## கடுங்காப்பி

பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும்: இந்த நான்கில் மனிதர்களிடமிருந்து அதிகச் சான்று இருப்பது காபிக்குத்தான். பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்களை வருடக்கணக்கில் கவனித்த ஆய்வுகள், தினம் இரண்டு மூன்று கப் காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பும், சிரோசிஸும், கல்லீரல் புற்றும் குறைவு என்று திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. இவை கவனித்து எழுதியவை, மருந்துபோல் கொடுத்துச் சோதித்தவை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் எலியைவிட இது வெகுதூரம் முன்னால் நிற்கிறது.

நம் டிகிரி காபியில் சிக்கல் சர்க்கரையும் பாலும்தான். கப்புக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளுக்கு மூன்று கப் என்றால் சர்க்கரை மட்டுமே நூறு கலோரிக்கு மேல். சிக்கரி கலக்காத தூளில் டிகாக்‌ஷன் இறக்கி, வெந்நீர் விட்டு, சர்க்கரை இல்லாமல் குடிப்பது நல்லது. முதல் வாரம் கசக்கும், பிறகு நாக்கு பழகிவிடும். வயிற்றெரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதை வழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காபி பழக்கமே இல்லாதவரைக் கல்லீரலுக்காகத் தொடங்கச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

## கீழாநெல்லி

கீழாநெல்லியைச் சமூலமாக, அதாவது வேரோடு முழுச் செடியாகப் பிடுங்கி, கழுவி, நெல்லிக்காய் அளவு அரைத்து, மோரிலோ ஆட்டுப்பாலிலோ கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பது நம் வீடுகளின் பழைய கை வைத்தியம். இதற்கு ஒரு பெருமையான வரலாறும் உண்டு. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பெற்ற பிளம்பெர்க்கும் சேர்ந்து லான்செட் மருத்துவ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலித் தூள் சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்றவர்கள் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. நம் ஊர்ச் செடி என்பதால் எனக்கும் அதில் வருத்தம்தான்.

அப்படியானால் காமாலைக்குக் கொடுத்துத் தெளிகிறதே? அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ, இ காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தெளியும். அந்த வாரங்களில் எதைக் கொடுத்தாலும் பெயர் அதற்கே போகும். பித்தப்பைக் கல் குழாயை அடைத்து வந்த காமாலைக்கும், கணையக் கட்டியால் வந்ததற்கும் இதே வைத்தியத்தைச் செய்துகொண்டு காத்திருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கூடவே வரும் உப்பில்லாப் பத்தியம் நோயாளியை இன்னும் வாட்டிவிடுகிறது. கடைத் தூளில் வேறு இனச் செடிகளும் கலந்திருப்பதைத் தென்னிந்தியக் கடைகளின் மாதிரிகளை மரபணு வழியாகச் சோதித்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | மனிதரிடம் சான்று | முக்கிய ஆபத்து | செலவு |
|---|---|---|---|
| ஒட்டகப் பால் | மிகக் குறைவு | பச்சையாகக் குடித்தால் தொற்று. கூடுதல் கலோரி | மிக அதிகம் |
| நீல பாக்கெட் பால் | மருந்தாக எதுவுமில்லை | சர்க்கரை சேர்ப்பது | குறைவு |
| கடுங்காப்பி | கவனிப்பு ஆய்வுகள் நிறைய | தூக்கம், வயிற்றெரிச்சல் | மிகக் குறைவு |
| கீழாநெல்லி | முதல் ஆய்வின் பலன் பிறகு நிற்கவில்லை | நோயறியாமல் காத்திருப்பது | குறைவு |

## உங்கள் ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது

ஃபேட்டி லிவர் என்றால், இந்த நான்கையும் தாண்டி நிற்பது எடை. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி தணியும், பத்தைத் தாண்டினால் தழும்பே பலருக்குக் குறைகிறது. 80 கிலோ உள்ளவருக்கு அது நான்கு கிலோவில் தொடங்கி எட்டுக் கிலோ. ஒட்டகப் பாலுக்கு ஒதுக்கிய பணத்தில் மாலை நடைக்கு நல்ல செருப்பும், தட்டில் சோற்றுக்குப் பதில் சுண்டலும் முட்டையும் காய்கறியும் வாங்கினால் கல்லீரலுக்கு அதிகம் கிடைக்கும். டாக்டரிடம் ஃபிப்-4 என்ற கணக்கைப் போடச் சொல்லுங்கள். வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் இவை நான்கும் போதும். 1.3-க்குக் கீழ் இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. மேலே இருந்தால் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் பார்க்க வேண்டும்.

ஹெபடைட்டிஸ் சி என்றால் ஒட்டகப் பால், கீழாநெல்லி பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுதாகக் குணமாகும் நோய் அது. 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் அந்த மருந்து இலவசம். ஹெபடைட்டிஸ் பி-யில் முழுதாக விடுபடுவது அரிது, ஆனால் தினம் ஒரு மாத்திரையில் கட்டுக்குள் வைக்கலாம். வீட்டில் மற்றவர்களுக்குப் பரிசோதனையும் தடுப்பூசியும் போட வேண்டும்.

புதிதாகக் காமாலை என்றால் முதலில் ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும். நோயாளி குழம்பிப் பேசினால், பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்திருந்தால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தால், கர்ப்பிணியாக இருந்தால், அன்றைக்கே பெரிய மருத்துவமனை.

சிரோசிஸ் உள்ளவர்களுக்குத்தான் பால் உண்மையிலேயே உதவுகிறது. அவர்கள் உடம்பு இரவு பட்டினியிலேயே தசையைக் கரைக்கத் தொடங்கிவிடும். கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தினம் வேண்டும், படுக்கும் முன் ஒரு சிற்றுண்டியும் வேண்டும். ஒரு டம்ளர் காய்ச்சிய பாலோடு இரண்டு இட்லியோ சத்துமாவுக் கஞ்சியோ போதும். எந்தப் பால் என்பது இங்கே முக்கியமில்லை. ஒட்டகப் பால் பிடித்திருந்து கட்டுப்படியானால் அதையே கொடுக்கலாம். வயிற்றில் நீர் கோத்திருந்தால் உப்பின் அளவை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் டப்பா வீட்டுக்கு வந்துவிட்டது, அண்ணன் மனம் நோகக் கூடாது என்றால், இப்படிச் செய்யுங்கள். அப்பாவின் இன்றைய எடையையும் எஸ்ஜிபிடியையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். காலை டீயில் ஊற்றும் பாலை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் இதைச் சர்க்கரை இல்லாமல் கலக்கிக் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து இரண்டையும் மறுபடி பாருங்கள். எடையும் இறங்கி எஸ்ஜிபிடியும் இறங்கியிருந்தால் அப்பாவின் நடைக்கு நன்றி சொல்லுங்கள். எடை அப்படியே இருந்து எஸ்ஜிபிடி மட்டும் இறங்கியிருந்தால் அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளாமல் ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பாருங்கள். தழும்பு முற்றிய கல்லீரலிலும் எஸ்ஜிபிடி இயல்பாகக் காட்டுவது உண்டு.